மூச்சு, மருந்து, மன அமைதி

(டில்லிக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆஸ்த்மாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று நம் கிளைச் செயலாளர் கேட்டபோது, "நான் டாக்டர் இல்லையே, தணிக்கைத் துறையில் கணக்குப் பார்த்து ரிடையர் ஆனவன்தானே" என்றேன். "மாமா, ஐம்பது வருஷமாக அந்த நோயோடு குடித்தனம் நடத்துகிறீர்களே, அந்தத் தகுதி போதும்" என்றார். அதனால் வைத்தியம் சொல்லும் உரிமையோடு நான் இங்கே நிற்கவில்லை. அனுபவத்தைச் சொல்லுகிறேன். ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லுகிறேன். அந்தத் தவறை உங்களில் யாரும் செய்யக்கூடாது என்பதுதான் இந்தப் பேச்சின் நோக்கம்.

நம் மனுஷர்களிடையே ஆஸ்த்மா விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. "இங்கிலீஷ் மருந்தெல்லாம் விஷம், பிராணாயாமம் ஒன்றே போதும்" என்பது ஒரு கட்சி. "பிராணாயாமமாவது ஒன்றாவது, டாக்டர் கொடுத்ததை முழுங்கு" என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்தவன். இப்போது எதிலும் இல்லை. காலையில் பல் தேய்ப்பதற்கு முன் இன்ஹேலர், ஸ்நானத்திற்குப் பின் பிராணாயாமம். இரண்டையும் விடுவதில்லை. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுப்பதும் இல்லை.

அந்தத் தை மாதம்

2007 அக்டோபரில் நான் ஒரு மூச்சுப் பயிற்சி முகாமுக்குப் போனேன். பத்து நாள். நிஜமாகவே மிகவும் நன்றாக இருந்தது. ராத்திரி தூக்கம் வந்தது. படபடப்பு குறைந்தது. மாடிப்படி ஏறும்போது இழுப்பு இல்லை. முகாமில் ஒருவர், "இனி உங்களுக்கு அந்தக் குழாய் எதற்கு?" என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தினசரி போட்டுக்கொள்ளும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

நவம்பர், டிசம்பர் நன்றாகவே போயிற்று. 2008 ஜனவரியில் என் தகப்பனாரின் சிராத்தம். டில்லி ஜனவரிக் குளிர் உங்களுக்குத் தெரியும். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. விடியற்காலை ஸ்நானம். ஹோமப் புகை அந்தச் சின்னக் கூடத்தை விட்டுப் போக வழியில்லை. அவசரத்துக்கு உபயோகிக்கும் இன்ஹேலர் என் சட்டைப் பையில், சட்டையோ படுக்கை அறைக் கொக்கியில். மடியில் இருக்கும்போது அதைத் தொடுவானேன் என்று விட்டுவிட்டேன்.

ஹோமம் முடிவதற்குள் நெஞ்சு இறுகிவிட்டது. எப்படியோ காரியத்தை முடித்தேன். பிறகு போய்ப் படுத்து, முகாமில் சொல்லிக்கொடுத்தபடி உடம்பைத் தளர்த்தி, மூச்சைக் கவனித்தேன். மனது அடங்கிற்று. கொஞ்ச நேரத்தில் அந்த 'கீச் கீச்' சத்தமும் நின்றுவிட்டது. "பார், நின்றுவிட்டது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

காபி கொண்டுவந்த என் நாட்டுப்பெண் ஏதோ கேட்டாள். பதில் சொல்ல முயன்றேன். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. "அப்பா, உங்கள் உதடு நீலமாக இருக்கிறதே" என்று அலறினாள். பிள்ளை வண்டியை எடுத்தான். ஆஸ்பத்திரியில் விரலில் கருவியை மாட்டியபோது பிராணவாயுவின் அளவு 86 சதவீதம் என்று காட்டியது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. மூன்று நாள் அங்கே இருந்தேன்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், பஞ்சாபிப் பையன், எனக்கு ஹிந்தியில் நிதானமாக விளக்கினார். "அங்கிள்ஜி, சத்தம் நின்றது என்றீர்களே, குழாய் திறந்ததால் நிற்கவில்லை. சத்தம் வருவதற்குக்கூடக் காற்று போகாததால் நின்றது. உங்கள் மனது சாந்தமாகத்தான் இருந்தது. நுரையீரல் சாந்தமாக இல்லை."

அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. இந்தப் பேச்சு முழுவதும் அதற்கு விளக்கம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து என்ன செய்கிறது?

ஆஸ்த்மாவில் மூச்சுக் குழாயில் இரண்டு கோளாறு நடக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இது ஒன்று. குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கி, சளி சுரந்து அடைக்கிறது. இது இரண்டு. இழுப்பு இல்லாத நாட்களிலும் இரண்டாவது கோளாறு உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். அதனால்தான் "நன்றாக இருக்கிறேனே, எதற்கு மருந்து?" என்ற கேள்வி ஆபத்தானது.

சால்பூட்டமால் என்னும் மருந்து 1969இல் வந்தது. அது இறுகின தசையைச் சில நிமிஷங்களில் தளர்த்தும். வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தை வற்ற வைப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. பெக்ளோமெதாசோன் இன்ஹேலராக 1972இல் வந்தது. பிறகு புடெசொனைட் முதலியவை வந்தன. இவை மெள்ளத்தான் வேலை செய்யும். தினமும் எடுத்தால்தான் பலன்.

ஸ்டீராய்டு என்றவுடன் நமக்குப் பயம். கணக்குப் பார்த்தவன் என்பதால் ஒரு கணக்குச் சொல்லுகிறேன். கடுமையான இழுப்பில் ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு முறை இழுப்பது 200 மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு மருந்துகள், தராசில் அப்படியே ஒப்பிட முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் அளவின் வித்தியாசம் புரிகிறது அல்லவா? சின்ன அளவுக்குப் பயந்து நிறுத்தினேன். பெரிய அளவை விழுங்கும்படி ஆயிற்று.

இன்னொரு முக்கியமான மாற்றம். முன்பெல்லாம் லேசான ஆஸ்த்மா என்றால் "தேவைப்பட்டால் சால்பூட்டமால் மட்டும்" என்பார்கள். ஆஸ்த்மாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலை வெளியிடும் 'கினா' அமைப்பு 2019இல் இதை மாற்றியது. பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சால்பூட்டமாலை மட்டும் நம்பி இருப்பது கூடாது, ஸ்டீராய்டும் சேர்ந்த சிகிச்சை வேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டுதல். பையில் நீலக் குழாய் மட்டும் வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டுபவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் தங்கள் டாக்டரிடம் இதை ஒருமுறை கேட்டே ஆக வேண்டும்.

2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி நம் தேசத்தில் சுமார் 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்த்மா. உலகத்து ஆஸ்த்மா நோயாளிகளில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் ஆஸ்த்மாவால் நேரும் மரணங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் இங்கே. தடுப்பு மருந்தைத் தொடர்ந்து எடுக்காமல் இருப்பது இதற்கு ஒரு பெரிய காரணம் என்கிறார்கள்.

மருந்தை வாங்கினால் போதாது, இழுக்கத் தெரிய வேண்டும். அழுத்தும் வகையென்றால் நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டால் மூடி, அழுத்திக்கொண்டே மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து விநாடி நிறுத்த வேண்டும். 'ஸ்பேசர்' என்ற பிளாஸ்டிக் குப்பியை மாட்டிக்கொண்டால் வயதானவர்களுக்குச் சுலபம். பொடி வகையென்றால் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அதனால்தான் நான் பல் தேய்ப்பதற்கு முன் எடுக்கிறேன்.

மன அமைதி என்ன செய்கிறது?

இவ்வளவு சொன்னதால் நான் பிராணாயாமத்துக்கு விரோதி ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மூச்சு முட்டும்போது வரும் பயத்தை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். பயம் வந்தால் மூச்சு வேகமாகும். வேகமான மூச்சு குழாயை வறட்டி இன்னும் இறுக்கும். அதைக் கண்டு பயம் இன்னும் ஏறும். இந்தச் சுழற்சியை உடைக்க மனப்பயிற்சி உதவுகிறது.

இதை யாரோ சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. 1985இல் பெங்களூரைச் சேர்ந்த டாக்டர் நாகரத்னாவும் டாக்டர் நாகேந்திராவும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தினம் 65 நிமிஷம் யோகப் பயிற்சி செய்த 53 நோயாளிகளை, அதே வயது, அதே மாதிரி நோயுள்ள, பயிற்சி செய்யாத 53 பேரோடு ஒப்பிட்டார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு வாராந்திர இழுப்பும் மருந்துத் தேவையும் கூடுதலாகக் குறைந்தன. 2009இல் நம் டில்லி எய்ம்ஸில் 57 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. எட்டு வாரத்தில் யோகக் குழுவினருக்கு நுரையீரல் அளவுகளிலும் அன்றாட வாழ்க்கையிலும் நல்ல முன்னேற்றம். கவனியுங்கள், அந்த ஆய்வில் இரண்டு குழுவினருக்கும் வழக்கமான மருந்து இருந்தது. யோகம் அதன் மேல் சேர்ந்தது, அதற்குப் பதிலாக வரவில்லை.

எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் 90 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வந்தது. புட்டெய்கோ என்ற ரஷ்ய டாக்டரின் மூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்குத் தொந்தரவும், அவசர இன்ஹேலர் தேவையும் குறைந்தன. ஆனால் ஊதிப் பார்க்கும் அளவு மாறவில்லை. பிராணாயாமம் போல் மூச்சு விடச் செய்யும் ஒரு கருவியை உபயோகித்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

நான் செய்வது எளிமையானது. ஸந்தியாவந்தனத்தில் வரும் பிராணாயாமத்தை அவசரமில்லாமல் செய்கிறேன். டாக்டர் யோசனைப்படி மூச்சை அடக்கும் நேரத்தைக் குறைத்து, வெளியே விடும் நேரத்தை இழுப்பதைப் போல் இரண்டு மடங்கு ஆக்கிக்கொண்டேன். ராத்திரி படுக்கும் முன் கால் விரல் முதல் நெற்றி வரை ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்துகிறேன். இது அமெரிக்க டாக்டர் ஜேக்கப்ஸன் 1929இல் புஸ்தகமாக எழுதிய முறை. நம் சவாஸனத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகப் பயிற்சிகள் என்னைப் போன்றவர்களுக்கு இழுப்பைத் தூண்டிவிடலாம் என்று டாக்டர் எச்சரித்தார். அதனால் அவற்றை விட்டுவிட்டேன்.

மனது சொல்வதும் மீட்டர் சொல்வதும்

நான் செய்த தவறின் மூலகாரணம் 2011இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி என் பிள்ளை சொன்னபோதுதான் முழுவதும் விளங்கிற்று. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஆஸ்த்மா உள்ள 46 பேரைச் சேர்த்தார்கள். ஒரு நாள் நிஜ சால்பூட்டமால், ஒரு நாள் மருந்தில்லாத பொய் இன்ஹேலர், ஒரு நாள் பொய் அக்குபங்சர், ஒரு நாள் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். "எவ்வளவு தேவலை?" என்று கேட்டால், நிஜ மருந்துக்கு 50 சதவீதம் என்றார்கள், பொய் இன்ஹேலருக்கு 45, பொய் அக்குபங்சருக்கு 46. ஒன்றும் கொடுக்காத நாளில் 21. ஏறக்குறைய மூன்றும் சமம்! ஆனால் ஊதச் சொல்லி அளந்தபோது, நிஜ மருந்தில் காற்றோட்டம் 20 சதவீதம் கூடியிருந்தது. மற்ற மூன்றிலும் சுமார் 7 சதவீதம்தான்.

அதாவது, தேவலை என்று மனதுக்குத் தோன்றுவது பொய்யில்லை. அந்த நிம்மதி நிஜம். ஆனால் அதை வைத்துக்கொண்டு குழாய் திறந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. 2008இல் நான் செய்தது அதுதான்.

அதற்குப் பிறகு ஒரு 'பீக் ஃப்ளோ மீட்டர்' வாங்கினேன். மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் குழாய். நின்றுகொண்டு பலமாக ஒரு ஊது. மூன்று முறை ஊதி, பெரிய எண்ணை நோட்டில் எழுத வேண்டும். நல்ல நாளில் என் உச்ச அளவு 400. அதில் 80 சதவீதம், அதாவது 320க்கு மேல் இருந்தால் நிம்மதி. 200க்கும் 320க்கும் நடுவே என்றால் டாக்டர் எழுதித் தந்த சீட்டின்படி மருந்தைக் கூட்ட வேண்டும். 200க்குக் கீழே என்றால் உடனே மருந்து, உடனே ஆஸ்பத்திரி. உங்கள் உச்ச அளவு வேறாக இருக்கும். அதை உங்கள் டாக்டர்தான் நிர்ணயிக்க வேண்டும்.

ஒரு நாள் 260 காட்டியது. மருந்தை முதலில் எடுத்து, பதினைந்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். 350 ஆயிற்று. இப்போதெல்லாம் வரிசை இதுதான்: முதலில் மருந்து, பிறகு மன அமைதி, பிறகு மீட்டர்.

நம் வீட்டுச் சமாசாரங்கள்

நம் வீடுகளில் இழுப்பைக் கிளப்பும் சில விஷயங்கள் உண்டு. நவராத்திரிக்குப் பரணிலிருந்து இறக்கும் கொலுப் பொம்மைப் பெட்டி, அதில் சுற்றிய பழைய நியூஸ்பேப்பர்த் தூசி. ஆஸ்த்மாக்காரர் பொம்மையை வரிசைப்படுத்தட்டும், பெட்டியை வேறு யாராவது வெளியே வைத்துப் பிரிக்கட்டும். சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம், மிளகாய் தாளிக்கும் கார நெடி இவையும் அப்படியே. ஹோமத்தை விட வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் தோயுங்கள். டில்லியில் தீபாவளியை ஒட்டிய வாரங்களில் காலை நடையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பம்பாய்க்காரர்கள் மழைக்காலச் சுவர்ப் பூசணத்தைக் கவனிக்க வேண்டும். பெங்களூரில் டாக்டர் பரமேஷ் செய்த ஆய்வுகளில் குழந்தைகளிடையே ஆஸ்த்மா 1979இல் 9 சதவீதம், 1999இல் 29.5 சதவீதம். வாகனமும் ஜனமும் பெருகின இருபது வருஷம் அது.

வயதானவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும், சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் கடும் இழுப்பை உண்டாக்கும். கண் டாக்டரிடம் போனாலும் "எனக்கு ஆஸ்த்மா" என்று முதலில் சொல்லுங்கள்.

ஹைதராபாத்தில் வருஷா வருஷம் மிருகசிரா கார்த்தி அன்று கொடுக்கும் மீன் மருந்தைப் பற்றிக் கேட்பீர்கள். சைவர்களுக்கு வெல்லத்தில் வைத்துக் கொடுப்பதும் உண்டு. ஆடாதோடைக் கஷாயத்தையும் கேட்பீர்கள். நம்பிக்கையுள்ளவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. ஒன்றுதான் கேட்பேன்: "எதை வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், இன்ஹேலரை நிறுத்தினீர்களா?" நிறுத்தவில்லை என்றால் எனக்கு நிம்மதி.

மறைக்க வேண்டாம்

கடைசியாக, சொல்லச் சங்கடமான ஒரு விஷயம். ஜாதகப் பரிவர்த்தனையின்போது பெண்ணுக்கோ பிள்ளைக்கோ ஆஸ்த்மா இருப்பதைச் சொல்வதில்லை. கல்யாணத்திற்குப் பிறகு அந்தப் பெண் பாத்ரூமில் ஒளிந்துகொண்டு பஃப் எடுக்கிறாள். கல்யாண மண்டபப் புகையில் மூச்சு முட்டினால்கூடப் பையைத் திறக்கப் பயப்படுகிறாள். சம்பந்தம் போய்விடுமே என்று பெரியவர்கள் மறைத்ததற்கு அந்தக் குழந்தை உயிரையே பணயம் வைக்கிறாள். தினமும் மருந்து எடுத்தால் இந்த நோயை வைத்துக்கொண்டு ஆபீஸ் போகலாம், குழந்தை பெறலாம், என்னைப் போல் பேரன் பேத்தியும் பார்க்கலாம். முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்கிற பிள்ளை வீட்டாரும் பெரிய மனதாகக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எங்கள் சாஸ்திரிகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார். "ஔஷதத்துக்கு என்ன மடி, விழுப்பு? சரீரம் இருந்தால்தானே சிராத்தம்? அடுத்த வருஷம் அதைப் பஞ்சபாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கோ" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் அப்படித்தான் வைக்கிறேன்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். தடுப்பு மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், எவ்வளவு நன்றாக இருந்தாலும். பிராணாயாமத்தையும் தியானத்தையும் விடாதீர்கள், எவ்வளவு மருந்து எடுத்தாலும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியவில்லை, உதடு நீலம், இன்ஹேலர் எடுத்தும் குறையவில்லை என்றால் தியானத்தில் உட்காராதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் இந்த அடையாளங்களைச் சொல்லி வையுங்கள். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது காபி கொண்டுவந்த என் நாட்டுப்பெண்ணின் கண்தான்.